மூன்றாம் வகுப்புப் பையனும் இரவு ஒன்பது மணி வீட்டுப்பாடமும்

கேள்வி: மேடம், நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். நான் செக்கிங், அவர் கட்டிங். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட் இருக்கும், வீட்டுக்கு வர இரவு எட்டே முக்கால் ஆகிவிடும். ஒரே பையன். தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். ஒன்றாவது, இரண்டாவதில் நல்ல மார்க் வாங்கியவன், இந்தக் காலாண்டில் இங்கிலீஷில் 60-க்கு 19. வாசிக்கவே வரவில்லை என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்புகிறார். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழரை வரை டியூஷன். அப்புறம் நான் வந்து ஒன்பது மணிக்கு உட்கார வைத்தால் ஹோம்வொர்க் முடியப் பத்தரை ஆகிறது. போன வாரம் கோபத்தில் அடித்துவிட்டேன். எங்கள் அம்மா எங்களோடுதான் இருக்கிறார், போன் பார்த்துத்தான் பையன் கெட்டுப்போனான் என்கிறார். வீட்டுக்காரர் கவர்மென்ட் ஸ்கூலில் போட்டுவிடலாம் என்கிறார். நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். எனக்கு இங்கிலீஷ் தெரியாததால்தான் என் பையன் பின்தங்கிவிட்டானா? நான் என்ன செய்யட்டும்?

- ஓர் அம்மா, திருப்பூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. இல்லை. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதது இதற்குக் காரணம் இல்லை. வீட்டிலேயே இங்கிலீஷ் பேசுகிற டாக்டர், இன்ஜினியர் வீட்டுப் பிள்ளைகளும் மூன்றாம் வகுப்பில் இதே மாதிரி என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 27 வருடம் தொடக்கப் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு, இப்போது வாசிக்கத் திணறும் பிள்ளைகளோடுதான் முழு நேரமும் இருக்கிறேன். காலாண்டு விடைத்தாள் வீட்டுக்கு வந்த கையோடு இப்படிக் கடிதங்கள் வர ஆரம்பிக்கும், அதில் பாதிக்கு மேல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் எழுதுவதுதான்.

அது ஏன் மூன்றாம் வகுப்பில் வந்து மாட்டுகிறது என்றால், முதல் இரண்டு வருடம் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை வாசிக்கத் தெரியாமலே நல்ல மார்க் வாங்கிவிட முடியும். பக்கத்துக்கு நாலு வரி, மேலே பெரிய படம், டீச்சர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னால் போதும், காதால் கேட்டே பாடம் மனப்பாடம் ஆகிவிடும். மூன்றாவது வந்ததும் சூழ்நிலையியல் என்று ஒரே புத்தகமாக இருந்தது அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டாகப் பிரிகிறது, பத்தி பத்தியாக எழுத்து வருகிறது, கேள்வியைத் தானே வாசித்துப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. மனப்பாடத்தால் ஓட்டிக்கொண்டிருந்த வண்டி அங்கே நின்றுவிடுகிறது. போன வருடம் நன்றாகப் படித்தவன் இந்த வருடம் சோம்பேறி ஆகிவிட்டான் என்று வீட்டில் நினைப்பார்கள். அவன் என்னமோ போன வருடம் மாதிரியேதான் இருக்கிறான், புத்தகம்தான் மாறிவிட்டது.

சரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஷிப்ட் நேரம் இருக்கிறது, டியூஷன் இருக்கிறது, மார்க் இருக்கிறது, அடித்ததைக்கூட மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு எது வரவில்லை என்பது மட்டும் அதில் இல்லை. வாசிக்க வரவில்லை என்றால் எழுத்தே தெரியவில்லையா, எழுத்து தெரிந்து கூட்டத் தெரியவில்லையா, கூட்டி வாசித்தாலும் அர்த்தம் புரியவில்லையா, போர்டே கண்ணுக்குத் தெரியவில்லையா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. இதைக் கண்டுபிடிக்காமல் இரவு பத்தரை வரை உட்கார வைப்பது, எங்கே வலிக்கிறது என்று கேட்காமலே மாத்திரை கொடுக்கிற மாதிரி. டைரியில் எழுதிய டீச்சருக்கும் இது தெரியாமல் இருக்கலாம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லிக் கேட்பதற்கு ஒரு பீரியட் பத்தாது, நானே அந்த இடத்தில் இருந்தவள்தான்.

அதனால் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். சாப்பிட்டு முடித்து, அவனுக்குத் தூக்கம் வராத நேரமாகப் பார்த்து, போன வருடத்து இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தையும் இங்கிலீஷ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு தரையில் அவன் பக்கத்தில் உட்காருங்கள். எதிரில் உட்கார வேண்டாம், அது பரீட்சை மாதிரி ஆகிவிடும். முதலில் தமிழ். அவனுக்குப் பிடித்த பாடத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். கடகடவென்று வாசித்தால் சந்தோஷப்பட்டு நிறுத்திவிடாதீர்கள், அதே பக்கத்தில் ஏதாவது ஒரு வரியில் கடைசி வார்த்தையைத் தொட்டு இது என்ன என்று கேளுங்கள், அப்புறம் அதற்கு முந்திய வார்த்தை, அதற்கும் முந்தியது, இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். மனப்பாடத்தில் வாசித்தவன் இங்கே மாட்டிக்கொள்வான். ஒரு வரியை முழுசாகச் சொல்லிவிட்டு, அதே வரியில் நடுவில் இருக்கிற ஒரு வார்த்தையைத் தனியாகக் காட்டினால் திருதிருவென்று விழிக்கிற பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அப்படி விழித்தால் திட்டாதீர்கள். நீங்கள் இப்போது தேடுவதே அதைத்தான். எந்த எழுத்தில் நிற்கிறான் என்று ஒரு பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள், அவன் பார்க்காதபடி. இங்கிலீஷுக்கும் இதே மாதிரி. இரண்டும் சேர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

தமிழ் நன்றாக வாசித்து இங்கிலீஷில் மட்டும் நின்றால் பெரிய நிம்மதி, ஏனென்றால் வாசிக்கிற வித்தை அவனிடம் இருக்கிறது, அந்த மொழிதான் காதுக்குப் பழகவில்லை. இரண்டிலுமே நின்றால், இங்கிலீஷைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டுத் தமிழில் ஆரம்பியுங்கள். இதைச் சொன்னால் இங்கிலீஷ் மீடியம் அம்மாக்களுக்கு முகம் மாறிவிடும். ஆனால் எந்த மொழியில் அவன் சண்டை போடுகிறானோ, கனவு காண்கிறானோ, அந்த மொழியில்தான் எழுத்தைக் கூட்டினால் சொல் வருகிறது என்கிற சங்கதி சீக்கிரம் பிடிபடும். பிடிபட்டதும் அது இங்கிலீஷுக்கும் கூடவே வரும். அதோடு 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி தனியார் பள்ளியிலும் தமிழ் கட்டாயப் பாடம்தான், பத்தாவது வரை எப்படியும் கூடவே வரப்போகிறது. அதனால் தமிழில் செலவு செய்கிற நேரம் எங்கும் வீணாகப் போகாது.

தமிழில் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள் என்று எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். 247 எழுத்து இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம், க வரிசையைக் கற்றுக்கொண்டவனுக்கு மீதி வரிசைகளும் ஏறக்குறைய அதே அச்சுதான், உகர ஊகாரம் மட்டும் கொஞ்சம் சண்டித்தனம் பண்ணும். தொல்லை எல்லாம் கொம்பில் இருக்கிறது. உங்கள் ஊர் பஸ் போர்டையே எடுத்துக்கொள்வோம். கொடுவாய் என்று எழுதியிருக்கிறது. பையன் கண் இடமிருந்து வலமாகப் போகிறது, முதலில் கொம்பைப் பார்க்கிறான், அடுத்து க, அடுத்து கால். ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது க் என்கிற சத்தத்தை, கொம்பும் காலும் சேர்ந்து ஒ ஆகி அதற்குப் பின்னால் வரவேண்டும். கண் பார்க்கிற வரிசை வேறு, வாய் சொல்கிற வரிசை வேறு. பெரியவர்களுக்குப் பழகிவிட்டதால் இது ஒரு விஷயமாகவே தெரியாது. அடுத்த பஸ் கோவை. ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பு ஆகிவிட்டது, குறில் நெடிலாகிவிட்டது, அந்தச் சின்னச் சுழியைக் கவனிக்காத பிள்ளை இரண்டையும் ஒரே மாதிரி வாசிக்கும். அப்புறம் காங்கேயம். இதில் கா-வும் கே-யும் ஒரே க வரிசைதான், ஆனால் முதல் எழுத்தை ஒரு மாதிரியும் நடுவில் ங் பக்கத்தில் வரும்போது வேறு மாதிரியும் உச்சரிக்கிறோம். எழுத்து மாறவில்லை, சத்தம் மாறுகிறது. அவன் எழுத்தைச் சரியாகத்தான் கூட்டியிருப்பான், காதில் விழுந்தது அவனுக்குத் தெரிந்த ஊர்ப் பெயர் மாதிரி இல்லாததால் குழம்பி நின்றிருப்பான். நாம் என்ன நினைப்போம்? இது கூடத் தெரியவில்லையே என்று.

அதனால் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, வண்டியில் பின்னால் உட்கார வைத்துப் போகும்போது, போர்டைப் படிக்கச் சொல்லுங்கள். பல்லடம், பொங்கலூர், ஊத்துக்குளி, பெருமாநல்லூர், சேவூர், தாராபுரம். இதில் பொ இருக்கிறது, பெ இருக்கிறது, சே இருக்கிறது, இரட்டிக்கிற எழுத்து இருக்கிறது, ஒரு பாடத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. தவறாக வாசித்தால் அந்த எழுத்தை மட்டும் நீங்கள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பேச்சை மாற்றுங்கள், பத்து முறை திருப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள்.

இங்கிலீஷில் ஒரு விஷயம், உங்களுக்கே வேடிக்கையாக இருக்கும். நம் எழுத்துக்குப் பெயரும் சத்தமும் பெரும்பாலும் ஒன்று. க என்றால் க. அங்கே அப்படி இல்லை, எழுத்துக்குப் பெயர் ஒன்று, சத்தம் ஒன்று. சீ, ஏ, டீ என்று மூன்று எழுத்தையும் சேர்த்துச் சொன்னால் சீயேட்டீ என்றுதான் வரும், பூனை எங்கிருந்து வரும்? ஆனால் முக்கால்வாசி டியூஷனில் இப்படித்தான் ராகம் போட்டு ஸ்பெல்லிங் ஒப்பிக்க வைக்கிறார்கள், பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள், அடுத்த நாள் அதே எழுத்துகளை இடம் மாற்றி வேறு வார்த்தையாகக் கொடுத்தால் தெரியாது. எழுத்தின் சத்தத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதல் எழுத்துக்கு க், நடுவில் இருப்பதற்கு ஏ-வுக்கும் ஆ-வுக்கும் இடையில் ஒரு சத்தம், கடைசியில் ட், மூன்றையும் வேகமாகச் சேர்த்தால் கேட். இதற்கு உங்களுக்கு இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டியதில்லை. போனில் போனிக்ஸ் என்று தேடினால் இலவசமாக எத்தனையோ வீடியோ கிடைக்கும், நாளுக்கு இரண்டு சத்தம், நீங்களும் அவனும் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அவன் உங்களுக்கு முன்னால் கற்றுக்கொள்வான். எனக்குச் சொல்லிக்கொடுடா தங்கம் என்று கேட்டுப் பாருங்கள், மேலே கீழே குதிப்பான்.

கண்ணைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் கடைசி வரிசையில் இருந்தான், போர்டைப் பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தே எழுதுவான். காப்பியடிக்கிறான் என்று நான் ஒரு நாள் அவனை எழுப்பி முன்னால் போர்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன், தண்டனையாகத்தான். நின்றவன் சும்மா இருக்காமல் போர்டில் இருந்ததை எல்லாம் தனக்குள் முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தான், ஒரு எழுத்து தப்பில்லாமல். அன்றைக்கு எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். கண்ணாடி போட்டதோடு அவன் கதை முடிந்தது. வீட்டில் தினக் காலண்டர் இருக்கும், அதிலிருந்து பத்தடி தள்ளி நிற்க வைத்து ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நடுத்தர எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள், அப்புறம் மறு கண். உங்களுக்குத் தெரிகிற எழுத்து அவனுக்குத் தெரியவில்லை என்றால் அந்த வாரமே கண் டாக்டரிடம் காட்டுங்கள். சரியாகப் படித்தாலும் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வருகிற பிள்ளை என்றால் காதையும்.

இனி அந்த இரவு ஒன்பது மணிக்கு வருவோம். அவன் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் ஸ்கூல், சாயங்காலம் டியூஷன், இரவில் ஹோம்வொர்க், பத்தரைக்கு முடித்துப் படுக்கப் பதினொன்று, வேன் வருவதற்கு ஆறு, ஆறரைக்கு எழுப்பியாக வேண்டும். ஏழு மணி நேரத் தூக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து உங்களால் ஒரு கணக்குப் போட முடியுமா? அவனும் ஒன்றரை ஷிப்ட்தான் பார்க்கிறான்.

ஒன்பதரைக்கு அவன் படுத்திருக்க வேண்டும். இதற்கு எது தடையோ அதை வெட்டுங்கள். என் கணக்கில் முதலில் போக வேண்டியது டியூஷன். பல வீடுகளில் டியூஷன் என்பது அப்பா அம்மா வருகிற வரை பிள்ளையைப் பத்திரமாக விட்டுவைக்கிற இடம், அதனால் எல்லோரிடமும் இப்படிச் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார். ஹோம்வொர்க்கை ஐந்தரைக்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்யட்டும், அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி, அதோடு மூடிவிட்டு விளையாடப் போகட்டும். முடியாதது முடியாததாகவே இருக்கட்டும்.

அப்படியே அனுப்பினால் டீச்சர் திட்டமாட்டாரா என்பீர்கள். டைரியில் நீங்களே தமிழில் எழுதி அனுப்புங்கள்: முக்கால் மணி நேரம் தானாக முயன்றான், இதுவரை செய்தான், இந்த இரண்டு கேள்வியை அவனால் வாசிக்க முடியவில்லை, நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான். எந்த இடத்தில் நின்றான் என்று தெரிந்தால்தான் டீச்சர் அந்த இடத்தைச் சொல்லிக்கொடுக்க முடியும். முழுசாக, அழகாக முடித்து அனுப்பினால் அவர் என்ன நினைப்பார், இவனுக்குத் தெரியும் என்றுதானே? (பிள்ளை கையெழுத்து மாதிரியே கோணல் மாணலாக எழுதிக் கொடுக்கிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. எங்களுக்குத் தெரியும். ரப்பர் போட்டு அழித்த தடம் ஒன்றுகூட இல்லாத மூன்றாம் வகுப்பு நோட்டு உலகத்திலேயே கிடையாது.)

உங்களுக்குத் தைரியத்துக்காக இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். ஒன்றாவது, இரண்டாவது பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த பள்ளிப் பை கொள்கையில் மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வீட்டுப்பாடம் வேண்டாம் என்றே இருக்கிறது. வாரத்துக்கு, நாளுக்கு இல்லை. உங்கள் வீட்டில் இரவில் மட்டும் வாரத்துக்கு ஏழரை மணி நேரம் ஓடுகிறது. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்றும் அதில் உண்டு, 24 கிலோ பையனுக்கு 2 கிலோ 400 கிராம், மளிகைக் கடைத் தராசில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். ஆனால் இதை எல்லாம் எடுத்துக்கொண்டு போய் பிரின்சிபாலிடம் சட்டம் பேசாதீர்கள், பேசினால் வேலைக்கு ஆகாது. உங்கள் மனசில் நாம் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை என்று இருப்பதற்காகத்தான் சொன்னேன்.

டீச்சரை ஒரு முறை நேரில் பாருங்கள். அரை நாள் சம்பளம் போகும் என்று தெரியும், முடியாவிட்டால் போனிலாவது பேசுங்கள். எப்படிப் படிக்கிறான் என்று கேட்காதீர்கள், அதற்கு வருகிற பதில் எதற்கும் உதவாது, கவனம் பத்தவில்லை, இன்னும் நல்லா பண்ணலாம் என்று முடிந்துவிடும். எந்த வரிசையில் உட்காருகிறான், போர்டைப் பார்த்து எழுதும்போது நிறுத்தி நிறுத்தி எழுதுகிறானா, வாசிக்கச் சொன்னால் முதல் வார்த்தையிலேயே நிற்கிறானா, போகப் போக நிற்கிறானா, மத்தியானம் யாரோடு சாப்பிடுகிறான், இப்படிக் கேளுங்கள். கடைசிக் கேள்வி படிப்புக்குச் சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் வாசிக்கும்போது நாலு பேர் சிரித்துவிட்டால் அப்புறம் வாயைத் திறக்காத பிள்ளைகள் உண்டு.

உங்கள் பங்குக்கு இரவில் ஒரே ஒரு வேலை. எட்டே முக்காலுக்கு வருகிறீர்கள், கை கால் கழுவி, சாப்பிட்டு, ஒன்பதே காலுக்கு அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு பத்து நிமிடம் அவன் வாசிப்பதைக் கேளுங்கள். பாடப் புத்தகம் வேண்டாம். சின்னக் கதைப் புத்தகம், படக்கதை, எதுவானாலும் அவனுக்குச் சுலபமாக வருகிற புத்தகம், ஒன்றாம் வகுப்பு லெவலில் இருந்தாலும் பரவாயில்லை. நின்றால் மூன்று வரை மனசுக்குள் எண்ணிவிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள். கண் சொக்கினால் நீங்கள் இரண்டு வரி வாசித்துக் காட்டுங்கள், அவன் கேட்கட்டும். பத்தாவது நிமிடம் விளக்கை அணைத்துவிட வேண்டும், அவன் இன்னும் ஒரு பக்கம் என்று கெஞ்சினாலும் சரி. கெஞ்ச ஆரம்பித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

உங்கள் அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியுமோ தெரியாதோ, எழுதவில்லை நீங்கள், தெரியாவிட்டால் இன்னும் நல்லது. அம்மாயிக்குப் பேப்பரில் ஒரு செய்தி வாசித்துக் காட்டுடா என்றால் அவன் டீச்சர் ஆகிவிடுகிறான், தப்பாக வாசித்தாலும் திருத்த ஆள் இல்லை, பயமில்லாமல் வாசிப்பான். பதிலுக்கு அவர் ஒரு கதை சொல்லட்டும். மழை ஏன் பெய்யவில்லை, அந்தக் காலத்தில் மாடு பூட்டிக் கவலை வைத்துக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தது எப்படி, இதை எல்லாம் காதால் கேட்ட பிள்ளைக்குத்தான் மூன்றாம் வகுப்புச் சமூக அறிவியல் வாசிக்கும்போது அர்த்தம் புரியும். வார்த்தை தெரியாதவன் எழுத்தைக் கூட்டி என்ன பிரயோஜனம்.

போன் விஷயத்தில் அவர் சொல்வது பாதி சரி. வாசிக்க வராததற்குப் போன் காரணம் என்று நான் நினைக்கவில்லை, வாசிக்க வராத பிள்ளைக்குப் போன் ஒளிந்துகொள்கிற இடம், அவ்வளவுதான். நேரம் வைத்து அரை மணி கொடுங்கள், படுக்கைக்கு மட்டும் கொண்டுபோகக் கூடாது. ஹோம்வொர்க் முடித்தால் போன் தருகிறேன் என்று பேரம் மட்டும் வேண்டாம், அப்புறம் எதற்கெடுத்தாலும் பேரம் பேசுவான், இரண்டு நாளில் உங்களையே மிஞ்சிவிடுவான்.

கணக்கு பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, அதனால் அது நன்றாகப் போகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு தடவை நூற்று இருபத்தைந்து என்று சொல்லி எண்ணால் எழுதச் சொல்லிப் பாருங்கள். 10025 என்று எழுதினால் ஆச்சரியப்படாதீர்கள், காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறான், நூறு, அதற்குப் பக்கத்தில் இருபத்தைந்து. புத்தகத்தைவிட நூறு ரூபாய் நோட்டு ஒன்றும் பத்து ரூபாய் நோட்டு இரண்டும் ஐந்து ரூபாய்க் காசு ஒன்றும் இதைச் சீக்கிரம் புரிய வைக்கும். பெருக்கலுக்கு உங்கள் கம்பெனியே போதும். இன்றைக்கு அம்மா பதினைந்து டஜன் பீஸ் செக் பண்ணினேன், மொத்தம் எத்தனை பீஸ் என்று கேளுங்கள். அவன் அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டியதுதானே.

அடித்தது பற்றி. பள்ளியில் அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது, வீட்டுக்கு அப்படி யாரும் வந்து சொல்லப் போவதில்லை, நீங்களே வருத்தப்பட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள். இன்னும் நான் எதற்கு ஏற்ற வேண்டும். அன்றைக்கு அவன் எந்த வார்த்தையில் நின்றான் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. அவனுக்கும் அடி ஞாபகம் இருக்கும், வார்த்தை ஞாபகம் இருக்காது. அம்மா அன்றைக்கு அடித்தது தப்புடா, களைப்பில் அடித்துவிட்டேன் என்று ஒரு தடவை அவனிடம் சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் அப்படிச் சொல்கிற வழக்கமில்லை, கொஞ்சம் கூச்சமாக இருக்கும், சொல்லிப் பாருங்கள். இனி கை ஓங்குகிற மாதிரி வந்தால் புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்துவிடுங்கள். ஒரு நாள் படிக்காததால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

அடுத்து உங்கள் வீட்டுக்காரர் சொன்னது. கவர்மென்ட் ஸ்கூல் யோசனையைக் கோபத்தில் சொன்னாரா, யோசித்துச் சொன்னாரா தெரியவில்லை, ஆனால் ஒதுக்கித் தள்ள வேண்டிய யோசனை இல்லை. அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள், முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, அப்புறம் நாலு, ஐந்துக்கும் கொண்டுபோனார்கள். எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்காமல், என்ன தெரிகிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிற முறை அது. உங்கள் பையனுக்கு வேண்டியது கிட்டத்தட்ட அதுதான். காலைச் சாப்பாடும் 2022 செப்டம்பரில் ஆரம்பித்து, அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது, ஏழு மணிக்கு அடித்துப் பிடித்து ஊட்டிவிட்டுக் கம்பெனிக்கு ஓடுகிற உங்களுக்கு அதன் அருமை தெரியும். அரசுப் பள்ளிகள் பலவற்றில் இங்கிலீஷ் மீடியமும் இருக்கிறது.

ஆனால் திட்டம் காகிதத்தில் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான், பள்ளிக்குப் பள்ளி நடப்பு வேறு. ஐந்து வகுப்புக்கும் இரண்டே ஆசிரியர்கள் இருக்கிற பள்ளியும் உண்டு, அதிலேயே பிரமாதமாகச் சொல்லிக்கொடுக்கிறவர்களும் உண்டு. பக்கத்தில் இருக்கிற பள்ளிக்கு ஒரு நாள் நேரில் போங்கள், எத்தனை ஆசிரியர்கள் என்று கேளுங்கள், மூன்றாம் வகுப்பு வாசலில் ஐந்து நிமிடம் நின்று பிள்ளைகள் பேசுகிறார்களா, பயந்து உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். மாற்றுவதாக இருந்தால் வரும் ஜூனில் மாற்றுங்கள், நடு வருடத்தில் வேண்டாம். அதுவரை, ஒழுங்காகப் படிக்காவிட்டால் கவர்மென்ட் ஸ்கூலில் போட்டுவிடுவேன் என்று வீட்டில் யாரும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் அங்கே போனாலும் தோற்றுப்போய் வந்தவன் மாதிரிதான் போவான்.

மூன்று மாதம் இப்படி விடாமல் செய்து பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால் கவலை இல்லை, அந்தந்த வேகத்தில் வருவான். மூன்று மாதத்துக்கு அப்புறமும் நேற்றுப் படித்த எழுத்து இன்றைக்கு மறந்துபோகிறது, போர்டைப் பார்த்து எழுதினாலும் எழுத்து விட்டுப்போகிறது, பேச்சில் கெட்டிக்காரன் ஆனால் புத்தகத்தை எடுத்தால் வயிறு வலிக்கிறது என்கிறான் என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். டிஸ்லெக்சியா என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்வார்கள், நீங்களாக அந்தப் பெயரை வைக்காதீர்கள், பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட இடையீட்டு சேவை மையம் என்று இருக்கிறது, செலவில்லாமல் பார்ப்பார்கள். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் இருப்பார்கள். இருக்கிறது என்று தெரிந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடவில்லை, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது, பரீட்சையில் கூடுதல் நேரம் முதல் பல சலுகைகள் உண்டு. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அரையாண்டுப் பரீட்சைக்குள் மார்க் ஏறாது, அதை இப்போதே வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்துவிடுங்கள், 19 என்பது 22 ஆகலாம், 17 கூட ஆகலாம். ஜனவரியில் எனக்கு மறுபடி எழுதும்போது மார்க்கை எழுத வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைப் பத்திரமாக வைத்திருங்கள், அதில் குறித்த எழுத்துகளில் எத்தனையில் இன்னும் நிற்கிறான் என்று மட்டும் எழுதுங்கள்.